எல்லாமே சாமி என்றால் கறை எது?

மெர்ச்சண்டைசர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் இதை எழுதுவது வழக்கமாம். அந்த ஆளுக்கு அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும், பேச்சில் நடுநடுவே பெருமூச்சு வர வேண்டும். எனக்கு வயது முப்பத்தொன்று. எட்டு வருடம் அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு, வேலையை விட்டுத் தத்துவம் படிக்கப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டேன், ஓய்வுதான் இன்னும் வந்து சேரவில்லை.

சாம்பிள் எப்போது அனுப்புவது, துணிக்குச் சாயம் போடும் டையிங்காரரிடம் எத்தனை முறை போன் பண்ணினால் அவர் எடுப்பார் என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. நம் வேலையின் பாதி, துணி வாங்குகிற பையர் சொன்னதைக் கம்பெனிக்குள் கொண்டுபோய்ச் சொல்வது. அதை நான் ஒருமுறை ரொம்ப உற்சாகமாகச் சொன்னேன். அந்த உற்சாகத்தில் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது.

ஹில்டா என்று ஒரு பையர். வெளிநாட்டில் சின்னதாக ஒரு பிராண்ட் நடத்துகிறார். ஆர்டரும் சின்னது, அறுநூறு டி-ஷர்ட். சாயம் போடாத ஆர்கானிக் காட்டன், பால் ஏடு நிறம். மேலே பிரிண்ட் இல்லை, எம்ப்ராய்டரி இல்லை. ஆனால் ஆர்டரோடு இருபது பக்கத்துக்கு ஒரு கையேடு அனுப்பியிருந்தார். அதில் அளவு, தையல் பற்றி நாலு பக்கம்தான். மீதிப் பதினாறு பக்கமும் கடவுளைப் பற்றி. அவருடைய வாடிக்கையாளர்கள் இந்தப் பிரபஞ்சமே கடவுள் என்று நினைக்கிறவர்கள், அதற்கு வெளியே தனியாக ஒரு கடவுள் கிடையாது என்கிறவர்கள். பான்தீயிசம் என்பார்கள். தமிழில் அனைத்திறைக் கொள்கை.

நம் மெயிலுக்கு வருவதெல்லாம் ஜிப் உடைந்த புகாராகவே இருக்கும்போது பதினாறு பக்கம் தத்துவம் வந்தால் எப்படி இருக்கும்? மூன்று முறை படித்தேன். பஸ்ஸில் படித்தேன். சேவூரில் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது படித்து, அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அந்த வாரம் முதலாளி கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த ஹில்டாம்மா எந்தச் சாமி கும்புடறாங்க?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் ஒரு பையருக்குக் கல்சிற்பிகளின் ஊரான திருமுருகன்பூண்டியில் சொல்லி வைத்து ஒரு கல் பிள்ளையார் கொடுத்திருந்தார். அந்தப் பையர் அதை அலுவலக வாசலில் வைத்துப் படம் அனுப்பினார். அதிலிருந்து எந்தப் பையர் வந்தாலும் பூண்டிக்கு என்ன சொல்லலாம் என்பதே முதலாளிக்கு முதல் கவலை.

"அவங்க சிலை கும்புடறவங்க இல்லீங்க."

"கிறிஸ்டியனுங்களா? ஒரு மாதா சொல்லிடலாங்களா?"

"அதுவும் இல்லீங்க."

"சாமியே இல்லைங்கற கட்சிங்களா?" குரல் இறங்கிவிட்டது.

"அய்யோ, இல்லீங்க. அவங்களுக்கு எல்லாமே சாமிங்க."

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். பதினாறு பக்கம் படித்தவள் நிறுத்துவாளா? மேசையைத் தட்டிக் காட்டினேன். "இது சாமிங்க. அந்த ஓவர்லாக் மெஷின் சாமி. நூல் சாமி. தைச்சு அடுக்கி வெச்சிருக்கறோமே, அந்தப் பீஸ் ஒவ்வொண்ணும் சாமிங்க."

முதலாளி கண்ணாடி வழியாக ஹாலைப் பார்த்தார். "நம்ம ஜெனரேட்டருங்க?"

"சாமிதானுங்க."

"அது ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குதுங்களே."

"ஆகலைன்னாலும் சாமிதானுங்க."

"அந்தம்மாளுக்குப் பெரிய மனசுங்க" என்றார். நான் மிதந்துகொண்டே வெளியே வந்தேன். ஒரு பையரின் மனதை இவ்வளவு தெளிவாகக் கம்பெனிக்குள் கொண்டுவந்தவள் இந்தச் சேலம் ரோட்டிலேயே நான் ஒருத்திதான் என்று நினைப்பு.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆர்டர் ஓடினாலும் ஒரு பீஸ் கூடுதலாக வெட்டுவோம். தைத்து முடித்ததில் முதல் பீஸ் சாமி படத்துக்கு முன்னால் போகும். அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டால் அப்புறம் அது பையருக்குப் போகாது. ஆயுத பூஜையன்று மெஷின், கத்தரி, ஊசி டப்பா, டீ கேன் வரைக்கும் பொட்டு வைப்போம். அந்த வருடம் ஹில்டாவின் அறுநூற்றொரு பீஸும் தைத்து முடித்துக் கடைசி செக்கிங்குக்காக அடுக்கி வைத்திருந்தது. பூஜை முடிந்து ஆளாளுக்குப் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

முதலாளி மட்டும் சந்தனக் கிண்ணத்தோடு அங்கேயே நின்றிருக்கிறார். அன்றைக்கு நடந்ததை அவரே பிற்பாடு சொன்னார். முதல் பீஸுக்குப் பொட்டு வைத்திருக்கிறார். அப்போது என் பேச்சு நினைவுக்கு வந்திருக்கிறது. பீஸ் ஒவ்வொன்றும் சாமி என்கிற அம்மா நேரில் வரப் போகிறார். ஒன்றுக்கு மட்டும் பொட்டு வைத்து மற்ற அறுநூறையும் சும்மா விட்டால் அவர் என்ன நினைப்பார்? "நம்மளை நம்பி வர்றவங்களுக்கு ஒரு மொறை செய்ய வேண்டாங்களா?" என்றார் என்னிடம். உட்கார்ந்து அத்தனைக்கும் வைத்திருக்கிறார். வெளியே தெரியக் கூடாது என்று, கழுத்துக்குப் பின்னால் உள்பக்கமாக, ஒரே இடத்தில், ஒரே அளவில். அவ்வளவு சீரான வேலையை எங்கள் பிரிண்டிங் யூனிட்கூடச் செய்ததில்லை. மூன்று மணி நேரம் ஆனதாம், முதுகு பிடித்துக்கொண்டதாம்.

விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று மதியம் மூன்று மணிக்கு ஹில்டா வருவதாக ஏற்பாடு. காலை பத்து மணிக்குச் செக்கிங் செக்‌ஷனிலிருந்து ஜெயராணி என்னைக் கூப்பிட்டாள்.

ஜெயராணி தெற்கே நாசரேத் பக்கத்துப் பெண். பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்து, ஐந்து வருடத்தில் செக்கிங் சூப்பர்வைசர் ஆனவள். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். கறையைக் கண்டால் அவளுக்கு மூக்கே சிவந்துவிடும்.

"எக்கா, இங்க வாங்களேன். பீஸ் பூராவும் கறையா இருக்கு. எல்லாத்துலயும் ஒரே எடத்துல."

பார்த்தேன். ஆறு மேசையிலும் பால் ஏடு நிற டி-ஷர்ட்டுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு. ஒவ்வொரு பொட்டையும் காட்டிக்கொண்டு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். குறை இருக்கும் இடத்தைக் காட்ட நாம் ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்தான்.

"ஜெயா, இது சந்தனம்."

"தெரியும்க்கா. மோந்து பாத்தேன்."

"தெரிஞ்சேவா ஸ்டிக்கர் ஒட்டினே?"

"நீங்க குடுத்த பேப்பர்ல எண்ணெக் கறை, மஞ்சக் கறை, எந்தக் கறையா இருந்தாலும் ரிஜெக்ட்னு போட்டிருக்கு. சந்தனம்னா விட்டுருன்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க, பிய்ச்சிருதேன்."

பேப்பரை வாங்கிப் புரட்டினேன். அதற்குள் அயர்னிங் மாஸ்டர் பழனிச்சாமி எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நேரே முதலாளி அறைக்குப் போய்விட்டார். "சாமி பொட்டுக்கு அம்பு ஒட்டி வெச்சிருக்குதுங்க அந்தப் புள்ள. சர்ச்சுக்குப் போற புள்ளைதானுங்களே" என்று அவர் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. ஆறு மேசையிலும் ஸ்டிக்கர் ஒட்டிய பெண்கள் மெல்லக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். "அவதான் ஒட்டச் சொன்னா" என்று ஒரு குரல் வந்தது.

முதலாளி வந்தார். ஒரு டி-ஷர்ட்டை எடுத்துப் பார்த்தார். அவர் கத்தவில்லை. எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும், அதுதான் பயமே.

"அம்மிணி, அந்தப் புள்ளையை இன்னிக்கே அனுப்பிச்சுருங்க. நல்லபடியா ஊடு போய்ச் சேரட்டுமுங்க."

ஜெயராணி என்னைப் பார்த்தாள். வேலையோடு ஹாஸ்டல் அறையும் போகும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. 'சாமி பொட்டுக்கு ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டினவள்' என்ற பேச்சு, அவள் பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள் இந்த ரோட்டில் இருக்கிற அத்தனை கம்பெனிக்கும் போய்விடும். அவளை யார் எடுப்பார்கள்?

அந்த நிமிஷம் சும்மா நின்றிருந்தால் நான் தப்பித்திருக்கலாம். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும், அதனால்தான் சொல்கிறேன். ஒரு தவறு நம் மேசையில் கிளம்பி இன்னொருத்தர் மேசையில் போய் உட்கார்ந்திருக்கும். அதை அங்கேயே விட்டுவிடுவது ரொம்பச் சுலபம், யாருக்கும் தெரியாது. நானும் நின்றேன். நல்லவேளை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

"தப்பு என்னோடதுங்க" என்றேன். "பீஸ் ஒவ்வொண்ணும் சாமின்னு நான்தானுங்க உங்ககிட்டச் சொன்னேன். அந்தம்மா சொன்னது அது இல்லீங்க. இந்தப் பொட்டோட அனுப்பினா, ஜெயராணி விட்டாலும் அந்தம்மா மூணு மணிக்கு அறுநூறையும் ரிஜெக்ட் பண்ணுவாங்க. அழிச்சாகோணுங்க."

நான் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

"பொட்டை அழிக்கறதுங்களா?" என்றார் முதலாளி.

"என்ற கை வராதுங்க" என்றார் பழனிச்சாமி உடனே. கறை எடுக்கும் ஸ்பாட் கன் அவர் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். செக்கிங் பெண்கள் ஒருவரும் நிமிரவில்லை. பொட்டை அழிப்பது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் விஜயதசமி முடிந்த மறுநாள், பாதிப் பேர் தாலியிலும் குங்குமம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலாளியின் பார்வை மெல்ல ஜெயராணி பக்கம் திரும்பியது. "அந்தப் புள்ள வேணா அழிக்கட்டும். அவங்களுக்குத்தான் இதுல ஒண்ணும் இல்லீங்களே. அழிச்சுக் குடுத்தா வேலையிலயே இருந்துக்கட்டுமுங்க."

"மாட்டேன் சார்" என்றாள் ஜெயராணி. "ஸ்டிக்கர் ஒட்டுனதுக்கே இந்தப் பேச்சு. நா அழிச்சா, சாமி பொட்டை அழிச்சவன்னு காலத்துக்கும் சொல்லுவாவ. எனக்கு வேல வேணும் சார். அதுக்காக இதச் செய்ய மாட்டேன்."

மணி பதினொன்றாகப் போகிறது. பொட்டு இருந்தால் ஆர்டர் கைவிட்டுப் போகும். அழிக்க ஆள் இல்லை. அழிக்கக்கூடிய ஒருத்திக்கு, அழித்தால் பேர் போகும், அழிக்காவிட்டால் வேலை போகும்.

வைத்தவரே அழிப்பதுதான் ஒரே வழி என்று எனக்குத் தெரிந்தது. முதலாளியிடம் அதைச் சொல்வது எப்படி?

அவரே ஆரம்பித்தார். "சரிங்க, படிச்சவங்க நீங்க. அழிச்சா சாமி கோவிக்குமா, கோவிக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்தச் சாமிங்கறதைப் பொறுத்ததுங்க" என்றேன்.

"எத்தனை இருக்குது?"

கட்டிங் மேசையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டேன். பின்னல் துணி, கண்ணி கண்ணியாகத் தெரிகிற துணி. "இந்தத் துணிதான் உலகம்னு வெச்சுக்குங்க. ஒரு கட்சி, துணிக்கு வெளிய ஒருத்தர் நின்னு பின்னறார், பாத்துட்டே இருக்கார்னு சொல்லும். வேண்டுனா குடுப்பார், தப்புப் பண்ணினா கோவிப்பார்."

"இவர் கோவிப்பாருங்க" என்றார் முதலாளி. "அடுத்தது சொல்லுங்க."

"அடுத்த கட்சிக்கும் பின்னறவர் உண்டுங்க. ஆனா மெஷினை ஓட விட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டார். அது பாட்டுக்கு ஓடுது. அவர் திரும்பிப் பாக்கறதில்லை."

முதலாளியின் முகம் தெளிந்தது. "இவரு பரவால்லீங்களே. அழிச்சாலும் தெரியாது." பழனிச்சாமிகூடத் தலையாட்டினார். ஆனால் முதலாளியே வாபஸ் வாங்கினார். "வேண்டாங்க. நாளைக்கு ஒரு கஷ்டம்னா போனை எடுக்க ஆள் வேணுமில்லீங்களா?"

"இன்னொரு கட்சி, ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் தனித்தனியா ஒரு உசுரு, ஒரு ஆவி இருக்குதுங்கும். நீங்க பொட்டு வெச்சது கிட்டத்தட்ட இந்தக் கணக்குலதானுங்க. நான் 'ஒவ்வொண்ணும்'னு சொல்லி உங்களை இங்க கொண்டுவந்து விட்டுட்டேன்."

"அறுநூறு பேருங்களா?" முதலாளி மேசைகளைப் பார்த்து அரை அடி பின்னால் போனார்.

"துணியே வெறும் தோற்றம், நூல் மட்டும்தான் நெசம்னு ஒரு பெரிய கட்சி நம்ம நாட்டுலயே இருக்குதுங்க."

"தோற்றத்துக்கு எப்படீங்க அயர்ன் போடறது?" என்றார் பழனிச்சாமி.

"நூலும் இல்லை, சாமியும் இல்லை, வெறும் துணின்னு ஒரு கட்சி."

"அது என்ற பையன் கட்சிங்க. விடுங்க. ஹில்டாம்மா எங்க நிக்கறாங்க?" என்றார் முதலாளி.

துணியை அவர் கையில் கொடுத்தேன். "இவங்களுக்கு வெளிய நின்னு பின்னறவர் கிடையாதுங்க. ஊட்டுக்குப் போனவரும் கிடையாது. இந்தத் துணியே எல்லாம். ஒரே நூல் ஓடி ஓடி எல்லாக் கண்ணியும் ஆகியிருக்குது. அந்த முழுசுக்குத்தான் சாமின்னு பேரு. ஒரு கண்ணியைத் தனியா எடுத்து இது சாமின்னு சொல்ல முடியாது. இது சாமி இல்லைன்னு எதையும் ஒதுக்கவும் முடியாது."

பழனிச்சாமி குறுக்கிட்டார். "அப்ப வெறும் துணிங்கறவங்களுக்கும் இவங்களுக்கும் என்னங்க வித்தியாசம்? ரெண்டு பேருக்கும் அதே துணிதானுங்களே?"

நல்ல கேள்வி. இப்போது நான் படிக்கிற இடத்தில்கூட இதற்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். "பாக்கறதுல இருக்குதுங்க. வெறும் துணிங்கறவர் மடிச்சு வெச்சுட்டுப் போயிருவார். இவங்க இதைப் பாத்து அப்படியே மலைச்சுப் போய் நிப்பாங்க."

"நின்னு என்ன வேண்டிக்குவாங்க?" என்றார் முதலாளி.

"வேண்ட மாட்டாங்க. கேக்கறதுக்குத் தனியா ஒரு காது இல்லீங்களே. அதே மாதிரி கோவிக்கறதுக்கும் தனியா ஒருத்தர் இல்லீங்க. பொட்டு எதுக்கு வெக்கறோம்? இது உசத்தி, இது தனின்னு காட்டத்தானே? எதுவுமே தனி இல்லைங்கறவங்களுக்குப் பொட்டு வெக்க எடமே இல்லீங்க."

முதலாளி துணியை இழுத்து இழுத்துப் பார்த்தார். தன் கையால் எவ்வளவோ துணி பின்னியவர். "எனக்கு இது பத்தாதுங்க" என்றார் கடைசியில். "சாமி இந்தத் துணி பூராவும் இருக்கோணும், சரி. ஆனா கோன்லயும் நூல் மிச்சம் இருக்கோணுமில்லீங்க? துணியோட தீந்து போற சாமி என்னங்க சாமி? அப்படி ஒரு கட்சி இல்லீங்களா?"

நான் கைதட்டிவிட்டேன். "இருக்குதுங்க! எல்லாத்துக்குள்ளயும் இருக்கறார், எல்லாத்தையும் தாண்டியும் இருக்கறார். அதுக்குத் தனிப் பேரே இருக்குதுங்க." கையேட்டின் பதினான்காவது பக்கத்தில் ஹில்டா, தங்களை அவர்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டிருந்தார். அந்தக் கட்சியை எங்கள் முதலாளி கட்டிங் மேசை ஓரத்தில் நின்று தானாகவே கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தக் கட்சிக்காரர் அழிக்கலாங்களா?"

"அழிச்சா எங்க போயிரப் போறாருங்க? சந்தனத்துலயும் இருக்கறவர்தானே துணியிலயும் இருக்கறார், அழிக்கற தண்ணியிலயும் இருக்கறார்."

அவர் இன்னும் அசையவில்லை. அப்போதுதான் ஜெயராணி பேசினாள். இத்தனை நேரமும் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"எக்கா, எனக்கு ஒண்ணு வெளங்கல. எல்லாமே சாமின்னு சொல்லுதிய. அப்ப கறையும் சாமிதான? நல்ல பீஸும் சாமி, ரிஜெக்ட் பீஸும் சாமி. பெறவு நா எதுக்கு இங்க நிக்கேன்?"

பதினாறு பக்கத்தில் இது இல்லை. அனைத்திறைக் கொள்கைக்காரர்களை இத்தனை காலமும் மடக்கி வந்த கேள்வி இது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஸ்டிக்கர் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதைக் கேட்டுவிட்டாள். முதலாளியும் பழனிச்சாமியும் என்னையே பார்த்தார்கள்.

"கறையும் அதுல ஒரு பகுதிதான், ஜெயா" என்று மெதுவாக ஆரம்பித்தேன். "உலகத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். அது எதையும் ரிஜெக்ட் பண்ணாது. அது பண்ணாததாலதான் செக்கிங் செக்‌ஷன்னு ஒண்ணு வேணும். மேல ஒருத்தர் உக்காந்து நல்லது கெட்டது பிரிச்சுக் குடுக்கறார்னா நாம சும்மா இருக்கலாம். அப்படி யாரும் இல்லைன்னா, போட்டுக்கறவங்க கழுத்துல கறை இருக்கக் கூடாதுன்னு நினைக்க வேண்டியது நாமதான். நீதான்."

இது முழுப் பதில் இல்லை. இப்போது கேட்டால் இதிலேயே நாலு ஓட்டை காட்டுவேன். ஆனால் முதலாளி ஜெயராணியைத் திரும்பிப் பார்த்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாகக் கோபமில்லாமல் பார்த்தார்.

"அது செரிதானுங்க" என்றார். "மேல ஆள் இருந்தாலும் செரி, இல்லைனாலும் செரி. கீழ ஒரு ஆள் பாத்துத்தானுங்க ஆகோணும்."

பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டார். நேராக ஸ்பாட் கன் மேசைக்குப் போனார். ஹாலைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பொட்டு வெச்சது நானு. அழிக்கறதும் நானு. எது வந்தாலும் என்னோட போகட்டும். அந்தப் புள்ளை தன் வேலையைத்தான் செஞ்சுது. அதைப் பத்தி இனி யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாங்க."

சொல்லிவிட்டு முதல் டி-ஷர்ட்டை எடுத்தவர், அழிப்பதற்கு முன் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன். கேட்பதற்கு ஒரு காது இருக்கிற கட்சிக்காரர் அல்லவா.

அவர் அழிக்க, நான் ஈரத் துணியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தேன். பத்துப் பீஸ் அழிக்கும்வரை ஹால் சும்மா வேடிக்கை பார்த்தது. பதினோராவது பீஸில் பழனிச்சாமி இரண்டு அடி முன்னால் வந்தார். "நீங்க அழிச்சுப் போட்டா நான் ஸ்டீம் அடிச்சுக் குடுத்தர்றேனுங்க. அழிக்க மட்டும் மாட்டேன்." அப்புறம் செக்கிங் பெண்களும் வந்தார்கள். பொட்டு அழிந்த பின் அது துணிதான் என்று அவர்களே ஒரு வரையறை போட்டுக்கொண்டார்கள். எந்தக் கட்சிக்குள்ளும் அடங்காத வரையறை, ஆனால் வேலை ஓடியது.

காய்ந்த பீஸ்களை முதலாளியே கை நிறைய எடுத்துக்கொண்டு ஜெயராணி மேசைக்குப் போனார். அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலைந்து போனதும் ஒன்றில் நின்றாள். அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்தாள், கொஞ்சம் தயங்கினாள், பிறகு ஒட்டினாள்.

"இதுல இன்னும் மஞ்ச தெரியுது சார்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எங்கீங்க?"

"இந்தா, தையலுக்குப் பக்கத்துல."

"அட, ஆமாங்க." எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மூன்று மணிக்கு ஹில்டா வந்தபோது, முதலாளி சட்டையெல்லாம் ஈரமாக, கையில் நாலு டி-ஷர்ட்டோடு ஜெயராணி மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று ஹில்டா கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். "மறைக்காமச் சொல்லிருங்க" என்றார் முதலாளி. சொன்னேன், பொரிப் பொட்டலத்திலிருந்து எல்லாவற்றையும். முதலாளிக்கு அது மரியாதை, கறை அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

ஹில்டா சிரிக்கவில்லை, உருகவும் இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பதினொரு பீஸில் மஞ்சள் போகவே இல்லை. அந்தப் பதினொன்றையும் புரட்டிப் பார்த்தார். மற்ற அடுக்குகளில் அங்கங்கே உருவி எடுத்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் ஒன்றும் அகப்படவில்லை. ஐந்நூற்று எண்பத்தொன்பது அனுப்பினால் போதும் என்று கையெழுத்துப் போட்டார்.

முதலாளிக்கு மனசு ஆறவில்லை. "அவங்க சாமிகிட்ட என்ன வேண்டிக்குவாங்கன்னு கேளுங்க அம்மிணி" என்றார். நான் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

கேட்டேன். "எதுவும் வேண்டுவதில்லை" என்றார் ஹில்டா.

"பாவமுங்க" என்றார் முதலாளி. "எல்லாத்தையும் தானே பாத்துக்கோணும்."

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பையர் என்ன கேட்டார் என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எதைக் கேட்கவில்லை என்பதையும் கூடவே சொல்லுங்கள். 'எல்லாமே சாமி' என்பது ஒரு வரி. அதைக் கேட்டவர் தன் மனதில் ஏற்கெனவே இருக்கிற சாமியை அதற்குள் உட்கார வைத்துக்கொள்வார். பக்கத்துக் கட்சியிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று காட்டாத வரைக்கும் நீங்கள் எதையும் விளக்கிவிடவில்லை. சாமியை விளக்கினாலும் இதுதான், சட்டைக் காலரை விளக்கினாலும் இதுதான். இதைப் படித்துவிட்டு யாராவது செக்கிங் செக்‌ஷனில் போய்த் தத்துவம் பேச ஆரம்பித்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அடுத்த வாரம் முதலாளி அறைக்குப் போனேன். போனில் வேறு ஒரு பையரின் ஏஜெண்ட்டோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஏஜெண்ட் ஏதோ லேசாகக் கறை பட்ட லாட்டை இந்த ஒரு தடவை அப்படியே அனுப்பிவிடலாம், தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

"நீங்க பாத்துக்குவீங்க, செரிங்க" என்றார் முதலாளி. "நானும் விட்டாலும் விட்டுருவனுங்க. எங்க ஜெயராணி மேடம் விட மாட்டாங்களேங்க."